பெரிய எம் மீது விழுந்த கோடு

ஆங்கிலத்தில் கிழமைகளுக்குப் பெரிய எழுத்து உண்டு, மாதங்களுக்கு உண்டு, பருவங்களுக்குக் கிடையாது. ஜனவரி பெரிய எழுத்தில் நிமிர்ந்து நிற்கும். அந்த ஜனவரியைச் சுமந்து வரும் குளிர்காலம் சின்ன எழுத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால் விதி அப்படி என்பார்கள். இந்த விதியையும் இதன் உடன்பிறப்புகளையும் காவல் காப்பதற்கென்றே ஒரு பதிப்பகத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகங்கள் போடும் பதிப்பகம் அது. டயர் கடைக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் பசை வாடை. அவளுடைய வேலை பிழை திருத்துவது. எழுதித் தருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மனசுக்குப் பிடித்த சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டுவிடுவது அவர்களுக்குப் பழக்கம். ஆசிரியருக்குப் பெரிய எழுத்து, நேர்மைக்குப் பெரிய எழுத்து, கோடைக்கும் வசந்தத்துக்கும் கேட்கவே வேண்டாம். ஒருவர், தனக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு சர்க்கரைக்கும் பெரிய எழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்.

பெரிய எழுத்தைச் சின்னதாக்க வேண்டுமென்றால் அந்த எழுத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட வேண்டும். அச்சுக்காரர்களுக்கு அது புரியும். நாள் முழுக்க அவள் கை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருக்கும். அறிவிப்புப் பலகையில் மேலாளர் தன் மேனேஜர் பதவிக்குப் போட்டிருந்த பெரிய எம்மைக்கூட ஒரு நாள் பென்சிலால் அடித்துவிட்டாள். "என் உத்தியோகத்துலயே கை வச்சிட்டியா?" என்றார் அவர். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குச் சின்னெழுத்து என்று பெயர். அவளுக்கும் அது உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

அண்ணன் வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியுமாக இருந்தவள். கல்யாண வயது என்று ஊர் சொல்லும் வயதெல்லாம் தாண்டிவிட்டிருந்தது. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் இவள் குளியலறைக்குள் போனால் வெளியே வரும்வரை கதவருகிலேயே நிற்பாள். அப்படியிருக்கும்போதுதான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர். நுரையீரலில் சளி கட்டி, ஒரு குளிர்காலத்தில் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஒரு பெண் குழந்தை, ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். அவர் பெண் பார்க்க வந்தபோதும் விரல் நகங்களில் கிரீஸ் இருந்தது. மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. குழந்தைக்குத் தலை வாரிவிடத் தனக்குச் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சரி என்றாள்.

குழந்தையை வீட்டில் பொடிசு என்று கூப்பிட்டார்கள். உருவம் அப்படி. பையைத் தூக்கி முதுகில் மாட்டினால் பைதான் பள்ளிக்கு நடந்து போவது போலிருக்கும். முதல் சில வாரங்கள் புதியவளைக் கடைக்கண்ணால் அளந்துகொண்டே திரிந்தாள். அப்புறம் ஒரு நாள் சாலையைக் கடக்கும்போது, கேட்காமலே வந்து புதியவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே சித்தி என்று கூப்பிட்டாள். சமையலறையில் இருந்தவள் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் அந்தச் சித்தி தான் என்பது உறைத்தது. என்ன விஷயம் என்று போய்க் கேட்டால் ஒன்றும் இல்லை, சும்மா கூப்பிட்டுப் பார்த்தாளாம்.

அந்த வருஷம் நன்றாகத்தான் போனது. தலை வாருவது, கணக்கு, ஜுரம், பல் விழுந்தது எல்லாம் இருவரும் சேர்ந்தே கடந்தார்கள். பொடிசு வாய் ஓயாமல் பேசினாள். அம்மாவைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். இவளும் கேட்கவில்லை. புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தாள்.

பள்ளியில் ஆங்கில மிஸ் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாள். எனக்குப் பிடித்த பருவம் என்பது தலைப்பு. சின்னத் தப்புக்கும் மார்க்கைக் குறைக்கிற மிஸ். பதிப்பகத்தில் அந்த வாரம் பெரிய எழுத்துப் பாடம் அச்சுக்குப் போகவிருந்தது. பகல் முழுக்க வின்டரையும் சம்மரையும் கோடு போட்டுச் சின்னதாக்கிவிட்டு, கழுத்து வலியோடு வீடு வந்தாள். பை தோளிலிருந்து இறங்குமுன் பொடிசு தாளை நீட்டினாள்.

"சித்தி, நீங்க பாருங்க. மார்க் போகக் கூடாது."

மற்றப் பிள்ளைகளெல்லாம் விடுமுறை வருகிறது என்று கோடையைப் பற்றி எழுதியிருப்பார்கள். பொடிசு எழுதியிருந்தது சில வரிதான். எனக்குப் பிடித்த பருவம் குளிர்காலம். என் அம்மா குளிர்காலத்தில் இறந்தார். அதனால் அவர் குளிர்காலத்தில் இருக்கிறார். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வின்டர் வந்த இடத்திலெல்லாம் பெரிய டபிள்யூ. மை மதர் என்ற இடத்தில் மதருக்குப் பெரிய எம். இரண்டு பக்கமும் தூண் நிறுத்திக் கட்டியது போல, வரியைத் தாண்டி உயர்ந்து நின்றது.

படித்ததும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்ளத்தான் அவளுக்குத் தோன்றியது. அது பொய்யில்லை. ஆனால் கை அதன் பாட்டுக்குப் பென்சிலை எடுத்துவிட்டது. வின்டருக்கெல்லாம் ஒரு கோடு. பிறகு எம்மின் குறுக்கே ஒரு கோடு. அழுகை வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவள் தனக்குத் தெரிந்த ஒரே பேச்சைப் பேச ஆரம்பித்தாள்.

"பருவத்துக்குப் பெரிய எழுத்து வராதும்மா. மைன்னு முன்னாடி வந்துட்டா மதரும் சின்ன எழுத்துதான்."

பொடிசு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ மதருக்கு எப்போ பெருசு வரும்?"

"பேருக்குப் பதிலா கூப்பிடும்போது. மதர், இங்க வாங்கன்னு கூப்பிட்டா பெருசு."

"கூப்பிட ஆள் இருந்தாத்தான் பெருசா?"

இந்தக் கேள்வியை அவள் பிற்காலத்தில் எத்தனையோ விதமாகத் தனக்குள் பதில் சொல்லிப் பார்த்தாள். அன்று சொன்னது ம் என்ற ஓர் ஒலிதான். அடுப்பில் பால் பொங்குகிறாற்போல் இருந்தது. ஓடிப் போய் அணைத்துவிட்டுத் திரும்பியபோது பொடிசும் இல்லை, தாளும் இல்லை.

கட்டுரை பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. மிஸ் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து குழந்தையிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். சமையலறையில் இருந்தவளுக்குப் பதில் தெளிவாகக் கேட்டது.

"சித்தி அம்மாவ அடிச்சிட்டாங்க."

 அவர் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். அப்படியொரு முகத்தை அவரிடம் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. இறந்துபோனவளைப் பற்றிக் குழந்தையிடம் என்ன சொன்னாய் என்று அடிக்குரலில் கேட்டார். அவள் நேரே கூடத்துக்குப் போனாள். பொடிசின் பையைத் துழாவி, புத்தகங்களுக்கு அடியில் நான்காக மடித்துக் கிடந்த தாளை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பென்சில் கோட்டைப் பார்த்தார். என்னென்னவோ நினைத்துப் பதறிய மனுஷன் அல்லவா, விஷயம் இவ்வளவுதானா என்று ஆனதும் சிரித்துவிட்டார். "எழுத்தையா அடிச்ச? நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

அவருக்குப் பின்னால் பொடிசு நின்றுகொண்டிருந்தாள். அப்பா சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அழுகை, அடம், முறைப்பு எதுவும் கிடையாது. சித்தி என்ற சொல் மட்டும் வீட்டிலிருந்து காணாமல் போனது. அது போய்விட்டது என்பதே இவளுக்கு உடனே தெரியவில்லை. தமிழில் ஒருவரை எந்த முறையும் சொல்லி அழைக்காமல் காலம் தள்ளிவிடலாம். வாங்க, இருங்க, குடுங்க என்று மரியாதைக்கும் குறைவில்லாமல் ஒப்பேற்றிவிடலாம். பொடிசு அதில் கைதேர்ந்தவளானாள். குளியலறையிலிருந்து துண்டு வேண்டுமென்றால் குரல் கொடுக்கமாட்டாள். ஈரம் சொட்டச் சொட்டத் தானே வந்து எடுத்துப் போவாள். தலையை எப்படியோ தானே வாரிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். வகிடு கோணலாக இருக்கும். தொட்டுச் சரி செய்ய இவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

கூப்பிடுவார் இல்லாத அந்த நாட்களில் அவளுக்கு ஒன்று தோன்றும். தமிழில் இந்தப் பெரிய எழுத்துச் சின்ன எழுத்துத் தொல்லையே இல்லை. அம்மா என்று எழுதினால் அம்மாதான். பொடிசு அதைத் தமிழில் எழுதியிருந்தால் அந்தக் கோடு விழுந்திருக்காது.

ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பொடிசின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் செய்தது தப்பு, நீ எழுதியபடியே இருந்திருக்க வேண்டும் என்றாள். பொடிசு தலையை நிமிர்த்தாமல், "இல்ல, ரூல் அதுதான். மிஸ்ஸும் சொன்னாங்க" என்றாள். அந்த வயதுக்கு அவ்வளவு நிதானம் கூடாது. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

காலம் போனது. பொடிசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தாள். அவள் பள்ளியில் வாங்குவது இந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைத்தான். அவள் வகுப்புக்கான பயிற்சிப் புத்தகம் திருத்தத்துக்கு வந்தபோது, ஒரு பக்கத்தில் குடும்பத்தைப் பற்றிய உரையாடல் ஒன்று இருந்தது. அதில் மை மதர் என்ற சொற்கள் வந்தன. எழுதியவர் வழக்கம்போல மதருக்குப் பெரிய எம் போட்டிருந்தார். பென்சில் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

வாழ்நாளில் அவள் தெரிந்தே ஒரு பிழையை விட்டது அந்த ஒரு தடவைதான். அந்த எழுத்தை அப்படியே விட்டாள். அச்சானது, கட்டானது, வண்டியேறிப் பள்ளிக்கும் போனது. பொடிசு அந்தப் பக்கத்தைத் திறக்கும் நாளில் அது அவள் கண்ணில் படும். அதன் பொருள் அவளுக்குப் புரியும். வாயால் சொல்லி எடுபடாத மன்னிப்பு அச்சில் சொன்னால் எடுபடலாம். இப்படியெல்லாம் எண்ணி, சின்னப் பெண்ணைப்போல ஒவ்வொரு மாலையும் பொடிசின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கடைசியில் அந்த மாலை வந்தது. பொடிசு பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"உங்க புக்குல ஒரு மிஸ்டேக் இருந்துச்சு. மிஸ் அத அடிக்கச் சொன்னாங்க."

கையில் இருந்த கரண்டியை அவள் கீழே வைத்தாள். "யாரை?"

"எல்லாரையும்தான். க்ளாஸ் முழுக்க அடிச்சோம்."

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டாள். "நீயும் அடிச்சியா?"

"நானும்தான்." பொடிசின் உதடு கோணிக்கொண்டு போனது. இத்தனை வருஷத்தில் இவள் முன்னால் அந்தப் பெண் அழுதது அன்றுதான். "நீங்க இப்படித் தப்பு விடமாட்டீங்க. வேணும்னுதானே போட்டீங்க? எதுக்குப் போட்டீங்க? மிஸ் பக்கத்துலயே வந்து நின்னாங்க. நான் என் கையாலயே அடிச்சேன்."

உனக்காகத்தான் விட்டேன் என்று இவள் என்னவோ முணுமுணுத்தாள்.

"நான் கேட்டேனா?"

அவ்வளவுதான்.  பொடிசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள். இவள் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் முன்னாலேயே நின்றாள். தொட்டுத் தேற்றலாம் என்றால் தொடும் உரிமை இல்லை. விட்டுவிடலாம் என்றால் மனசு கேட்கவில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் ஸ்கேல் வைத்து அந்த எழுத்தின் குறுக்கே கோடு இழுத்த சத்தம், கேட்காத சத்தம், அவளுக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பள்ளியிலிருந்து பதிப்பகத்துக்கும் புகார் வந்தது. மேலாளர் கூப்பிட்டு, உன் கண்ணிலா இது தப்பியது என்று ஆச்சரியப்பட்டார். கண் மங்கிவிட்டது சார் என்றாள். அவர் நம்பிவிட்டார், நல்ல கண் டாக்டர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தார். அடுத்த பதிப்புக்காக அந்தப் பக்கம் மறுபடி மேஜைக்கு வந்தபோது, எம்மின் குறுக்கே கோடு போட வேண்டியவள் அவள்தான். போட்டாள். போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பொடிசு வளர்ந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் ஆனாள். வேறொரு நகரத்தில் வேலை. ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பாள், வலிக்கவே வலிக்காது என்று அங்கே பேர் வாங்கியிருந்தாள். உடன் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று கணவன் வீட்டுப் பெரியவர் ஒருவர் இவளைக் காட்டி யார் என்று விசாரித்தார். "இவங்க எங்க அப்பாவோட மனைவி" என்றாள் பொடிசு. மரியாதையாகச் சொன்னாள், சிரித்த முகத்தோடு சொன்னாள். அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. பட்டுச் சேலையில் நின்ற இவளும் பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பொடிசின் அப்பா ஒரு தடவை மகளிடம் பேசிப் பார்த்தார். உன்னை வளர்த்தவள் அல்லவா, இப்படியா ஒட்டாமல் இருப்பது என்றார். நான் ஒரு குறையும் சொல்லவில்லையே அப்பா என்று பதில் வந்தது. உண்மைதான். சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

அவரும் ஒரு நாள் போனார். ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் வந்தாள். காரியங்களையெல்லாம் அவளே முன்னின்று செய்தாள். இவளைச் சாப்பிட வைத்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை நின்றாள். செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை. இரவு அடுத்தடுத்த கட்டிலில்தான் படுத்தார்கள். இருவருக்கும் தூக்கம் வரவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. 

கிளம்புகிற அன்று காலையில் மகள், "இங்க தனியா என்ன பண்ணுவீங்க, எங்களோட வந்து இருக்கலாமே" என்றாள். கடமைக்குச் சொன்னதா, மனசாரச் சொன்னதா என்று இவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பார்க்கலாம் என்றாள். வற்புறுத்தினால் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தாள். மகள் வற்புறுத்தவில்லை.

பெட்டியை மூடிய பிறகு, அம்மாவின் போட்டோவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மகள் கேட்டாள். படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்த படம். இவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, தானே கழற்றிக் கொடுத்தாள். மகள் அதைக் கையில் வாங்கியதும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியில் தூசு துரும்பு இல்லை. பின்னட்டையின் ஆணிகள் ஒருமுறை துருப்பிடித்து, யாரோ புதிதாக மாற்றியிருந்தார்கள். பூச்சி ஏறாதிருக்க விளிம்பு முழுக்கத் தாள் ஒட்டியிருந்தது. புத்தகம் கட்டுகிற இடத்தில் மட்டும் கிடைக்கிற தடித்த பழுப்புத் தாள்.

"அப்பா துடைப்பாரா இத?"

"அவருக்கு ஏது நேரம்? நான்தான்."

"எப்போலேர்ந்து?"

"வந்ததுலேர்ந்து."

மகள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். மகள் படத்தைத் தன் பருத்திச் சால்வையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் பெட்டியை எடுத்தாள். மாத்திரையை மறக்காமல் போடுங்கள், போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்றாள். படியிறங்கும்போது ஒருமுறை நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி இறங்கினாள்.

சொன்னபடியே போய்ச் சேர்ந்ததும் பேசினாள். அதன் பிறகும் வாரந்தோறும் பேசினாள். சாப்பிட்டீங்களா, பிரஷர் எவ்வளவு, மழை வருதா என்று கேட்பாள். இவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். கேள்விகள் தீர்ந்துவிட்ட பிறகும் இரண்டு பேரும் உடனே போனை வைக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கும், சித்தி என்று கூப்பிடுவாளா என்று இந்தப் பக்கம் இவளும் காத்திருப்பாள். அப்புறம் மகள் சரி, வைக்கிறேன் என்பாள்.